டைவ் பதிவேடு எழுதுவது எப்படி: டர்பன் கடலில் முக்குளிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸில் படகு ஏறும் முன், குழுவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் மூன்று கேள்விகள் கேட்பார். கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினீர்கள்? எவ்வளவு ஆழம் வரை போயிருக்கிறீர்கள்? மூழ்குவதற்கு எத்தனை கிலோ ஈயம் கட்டுவீர்கள்? சட்டைப்பையில் இருக்கும் சான்றிதழ் அட்டையில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பதில் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது ஸ்கூபா கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சி முடியும்போது ஒரு லாக்புக் கையில் கிடைக்கிறது. முதல் நான்கைந்து பக்கங்கள் பயிற்சியாளர் சொல்லி நிரம்புகின்றன. அதற்குப் பிறகு பெரும்பாலான புத்தகங்கள் காலியாகவே கிடக்கின்றன. கணினிதான் எல்லாவற்றையும் பதிகிறதே என்பார்கள். மணிக்கட்டில் கட்டிய டைவ் கணினிக்கு ஆழம் தெரியும், நேரம் தெரியும், தண்ணீரின் வெப்பம் தெரியும். நீங்கள் எத்தனை கிலோ கட்டினீர்கள், கடைசி மூன்று நிமிடம் மிதக்காமல் இருக்க எப்படித் தவித்தீர்கள், முந்தின நாள் என்ன காற்று அடித்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த வழிகாட்டி முக்கியமாக அதற்குத் தெரியாதவற்றைப் பற்றியது. எழுதும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அடுத்த முறை இறங்கப் போகிறவருக்குப் பயன்படும்படி எழுதுங்கள். அவர் பெரும்பாலும் நீங்களேதான்.

1. நோட்டா, செயலியா?

இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. கணினியிலிருந்து வரும் எண்களைச் செயலி வைத்துக்கொள்ளட்டும். உங்கள் தலையிலிருந்து வருவதை நோட்டு வைத்துக்கொள்ளட்டும்.

நோட்டுக்கு வளையம் போட்ட, பக்கம் சேர்க்கக்கூடிய அட்டைக்கோப்பு நல்லது. பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஈரக் கை பட்டால் பரவிவிடும், பென்சில் கோடு தண்ணீரில் கரையாது. டர்பனின் கோடை ஈரப்பதத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், அதனால் நனைந்த டைவ் உடையோடு (சூட்) ஒரே பையில் போடாமல் தனியாக ஒரு நீர்புகாப் பையில் வையுங்கள்.

செயலிகளில், கணினி தயாரித்த நிறுவனம் தருவது தொடங்க எளிது. ஆனால் நாளை வேறு நிறுவனத்தின் கணினி வாங்கினால் பழையவை அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். நான் பரிந்துரைப்பது சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒரு முக்குளிப்பாளர். அவர் 2011இல் தொடங்கியது அது. பல நிறுவனங்களின் கணினிகளை அது படிக்கும், பதிவுகளைப் பொது வடிவங்களில் வெளியே எடுக்கவும் விடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் பதிவுகளை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

மொழி? எண்கள், கருவிப் பெயர்கள், மருத்துவக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். டைவ் மாஸ்டரும் மருத்துவரும் அதைப் படிக்க வேண்டியிருக்கும். கண்டது, நினைத்தது, பயந்தது எல்லாம் தமிழில் எழுதுங்கள். தாய்மொழியில் எழுதும்போது கை சுருக்கிக்கொள்ளாது.

2. முதல் பக்கம்

இந்தப் பக்கத்தை உங்களுக்காக வேறொருவர் திறக்கும் நாள் வரலாம் என்று எண்ணி நிரப்புங்கள். பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரைகள், மெடிக்கல் எய்ட் எண், முக்குளிப்பு விபத்துகளில் உதவும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் உறுப்பினராக இருந்தால் அந்த எண்ணும் அவசர அழைப்பு எண்ணும், வீட்டில் யாரை அழைப்பது என்பது. சர்க்கரை, இரத்த அழுத்தம் நம் குடும்பங்களில் பரவலாக இருப்பவை. இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்த பக்கத்தில் சான்றிதழ்களின் எண்களும் தேதிகளும். கடல் காப்பகத்தில் முக்குளிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதன் காலாவதித் தேதியும் இங்கே இருக்கட்டும். உம்கோமாஸுக்கு எதிரே கடலில் உள்ள அலிவால் ஷோல் என்ற பாறைத்திட்டு 2004இல் கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, 2019இல் விரிவாக்கப்பட்டது. அதற்குப் பின்னால் கருவிகளுக்கென ஒரு பக்கம்: மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, கணினியின் பேட்டரி எப்போது மாற்றியது, சொந்த சிலிண்டர் என்றால் அதன் சோதனை முத்திரைத் தேதி.

3. படகு ஏறும் முன் எழுத வேண்டியவை

இவை மேலே வந்தபின் சரியாக நினைவிருக்காது. சிலிண்டரின் கொள்ளளவு, எஃகா அலுமினியமா, தொடக்க அழுத்தம், கட்டிய ஈயம், சூட்டின் தடிமன், உடன் இறங்குபவர் பெயர். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) என்றால் நீங்களே சோதித்துப் பார்த்த ஆக்சிஜன் விழுக்காடும் அதற்கான அதிகபட்ச ஆழமும். 32 விழுக்காடு என்றால், ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பார் (அழுத்த அலகு) என்ற எல்லைக்கு, ஏறக்குறைய 33 மீட்டர். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து எழுதாதீர்கள், அளவியில் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

கணினியின் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றியபின் தேதி தவறிப்போனால் பின்னால் வரும் கணக்கு அத்தனையும் தவறும்.

4. மேலே வந்தவுடன்

முதல் டைவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு மணி நேரமாவது கரையில் இருப்பீர்கள். அந்த நேரம்தான் எழுதும் நேரம். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் இரண்டு டைவும் ஒன்றாகக் கலந்துவிடும். எந்த டைவில் நீரோட்டம் இழுத்தது, எதில் முகமூடி மங்கியது என்று பிரிக்க முடியாது.

இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள். 'அலிவால்' என்று மட்டும் எழுதினால் போதாது. உம்கோமாஸிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவு வெளியே இருக்கும் அந்தப் பாறைத்திட்டுக்குள் ரேகீஸ் கேவ், கத்தீட்ரல், ஷார்க் ஆலி என்று தனித்தனி இடங்கள் உண்டு, ஒவ்வொன்றின் ஆழமும் குணமும் வேறு. 1884இல் மூழ்கிய நெபோ, 1974இல் மூழ்கிய ப்ரொட்யூஸ் என்ற இரண்டு கப்பல்களும் அதே பகுதியில்தான் கிடக்கின்றன. ப்ரொட்யூஸ் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிய டைவின் காற்றுக் கணக்கை ரேகீஸ் கேவ் டைவின் கணக்கோடு ஒப்பிட முடியாது. வடக்கே உள்ள சோட்வானா விரிகுடாவிலும் அப்படித்தான்: டூ மைல், ஃபைவ் மைல், செவன் மைல், நைன் மைல் என்று படகு கிளம்பும் இடத்திலிருந்து உள்ள தூரத்தை வைத்துப் பெயர். செவன் மைல் என்றால் செவன் மைல் என்றே எழுதுங்கள்.

பிறகு எண்கள்: இறங்கிய நேரம், மேலே வந்த நேரம், அதிக ஆழம், சராசரி ஆழம், இறுதி அழுத்தம், மேலேறும் வழியில் பாதுகாப்பு நிறுத்தம் எத்தனை மீட்டரில் எத்தனை நிமிடம். இவற்றில் மேலே வந்த நேரம் மிக முக்கியம். ஏன் என்பது மலையேறும் பகுதியில் வரும்.

5. காற்றுக் கணக்கு

பதிவேட்டில் உழைப்புக்கு உடனே பலன் தரும் பகுதி இதுதான், பலரும் விட்டுவிடும் பகுதியும் இதுதான். ஒரு டைவில் நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறீர்கள், கடல் மட்டத்து அளவில் சொன்னால் எவ்வளவு, என்று ஒரே ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பது.

உதாரணமாக, 12 லிட்டர் சிலிண்டர், தொடக்கம் 210 பார், முடிவு 75 பார். செலவானது 135 பார். 135ஐ 12ஆல் பெருக்கினால் 1,620 லிட்டர். டைவ் 42 நிமிடம், ஆகவே நிமிடத்துக்கு 38.6 லிட்டர். ஆனால் அது ஆழத்தில் இழுத்த காற்று. சராசரி ஆழம் 13 மீட்டர் என்றால் அங்கே அழுத்தம் 2.3 பார். 38.6ஐ 2.3ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17 லிட்டர். இதுதான் உங்கள் எண்.

இதற்குச் சராசரி ஆழம் அவசியம், அதிக ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். கணினி சராசரியைத் தரும்.

இந்த எண் கையில் இருந்தால் அடுத்த டைவைத் திட்டமிடலாம். 25 மீட்டர் ஆழத்துக்குப் போகிறீர்கள், அங்கே 3.5 பார். 17ஐ 3.5ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர். 200 பாரில் தொடங்கி 70 பாரில் மேலேறத் தொடங்க வேண்டும் என்றால் 12 லிட்டர் சிலிண்டரில் உங்களுக்குக் கிடைப்பது 1,560 லிட்டர், அதாவது 26 நிமிடம். படகில் டைவ் மாஸ்டர் குழுவுக்கு டைவ் நேரம் சொல்லும்போது, உங்களுக்கு அது எட்டுமா என்று நீங்களே அறிந்து சொல்லலாம். சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அதிகம் காற்று இழுப்பவர் முன்கூட்டிச் சொல்வதைத்தான் எந்த நல்ல டைவ் மாஸ்டரும் விரும்புவார்.

ஒரே டைவை வைத்து முடிவு கட்டாதீர்கள். குளிர், நீரோட்டத்தை எதிர்த்த நீச்சல், படபடப்பு எல்லாம் எண்ணை ஏற்றும். பத்துப் பதினைந்து டைவ் சேர்ந்தபின் எந்தெந்த நாளில் எண் ஏறியது என்று பார்த்து, அந்த நாட்களின் குறிப்பைப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

6. ஈயம்

"அண்ணே, எத்தனை கிலோ போடட்டும்?" என்று படகடியில் கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது, "போன தடவை எத்தனை போட்டே, கடைசியில எப்படி இருந்துச்சு?" என்றுதான். எத்தனை போட்டார் என்பது சிலருக்கு நினைவிருக்கும். கடைசியில் எப்படி இருந்தது என்பது ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை. பதிவேட்டில் எழுத வேண்டியது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

காற்றுக்கு எடை உண்டு. 12 லிட்டர் சிலிண்டரை 210 பாரிலிருந்து 50 பாருக்குக் காலி செய்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை குறைகிறது. தொடக்கத்தில் சரியாகத் தோன்றிய ஈயம் முடிவில் போதாமல் போவது இதனால்தான். ஆகவே ஈயத்தைச் சோதிக்கும் இடம் டைவின் கடைசி: 5 மீட்டரில், 50 பார் அளவில், மிதவை ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல், அசையாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் 'சரி' என்று எழுதுங்கள். கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தால் 'ஒரு கிலோ கூட்டு'. ஜாக்கெட்டில் நிறையக் காற்று வைத்திருக்க வேண்டியிருந்தால் 'ஒரு கிலோ குறை'.

எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை, கூடவே மூன்று விவரம் சேர வேண்டும்: சூட்டின் தடிமன், சிலிண்டரின் உலோகம், உப்புநீரா நன்னீரா. காலியாகும்போது அலுமினிய சிலிண்டர் மிதக்கப் பார்க்கும், எஃகு அப்படிச் செய்யாது. ஜோஹானஸ்பர்க் உறவினர்களோடு அங்குள்ள குவாரி ஏரியில் இறங்குவதுண்டு என்றால் நன்னீருக்குத் தனி வரிசை வையுங்கள். கடல்நீர் நன்னீரை விட ஏறக்குறைய 2.5 விழுக்காடு கனமானது. நீங்களும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் நன்னீரில் இரண்டரைக் கிலோ ஈயம் குறைய வேண்டும். அந்தக் குவாரிகள் உயரத்தில் இருப்பதால் கணினியின் உயர அமைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. கடல் நிலை

டர்பனின் கரைவலைக் குடும்பங்கள் இன்றும் காற்றைப் பார்த்துத்தான் கடலைச் சொல்வார்கள். நமக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். டைவ் நாளின் காற்றை மட்டும் எழுதினால் போதாது, முந்தின இரண்டு நாள் என்ன காற்று அடித்தது என்றும் எழுதுங்கள்.

காரணம் உண்டு. நம் கரையில் வடகிழக்குக் காற்று தொடர்ந்து அடித்தால், பூமியின் சுழற்சி காரணமாக மேல்மட்ட நீர் கரையை விட்டு வெளியே தள்ளப்படும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். வெயில் கொளுத்தும் நாளில் மேலே இதமாகவும் 15 மீட்டரில் திடீரென்று குளிராகவும் இருப்பது இப்படித்தான். தென்மேற்குக் காற்று வந்தால் அதோடு பெரிய அலையும் வரும், படகைக் கடலில் இறக்குவதே சிரமமாகும். இவற்றை ஒரு வருடம் எழுதி வையுங்கள். வானிலை அறிக்கையைப் பார்த்ததுமே 5 மில்லிமீட்டர் சூட் போதுமா, உள்ளே இன்னொன்று வேண்டுமா என்று உங்களால் சொல்ல முடியும்.

மழையையும் எழுதுங்கள். உம்கோமாஸ் ஆறு பெருகினால் அலிவால் பக்கம் தண்ணீர் கலங்கிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு ஆற்று மண் கடலில் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தெளிவை எழுதும்போது 'நல்லா இருந்துச்சு' என்று எழுதாதீர்கள். மீட்டரில் எழுதுங்கள். உடன் வருபவர் எவ்வளவு தூரம் போனால் கண்ணுக்கு மறைகிறார் என்பதுதான் அளவு. தூரம் கணிக்க வராவிட்டால், துடுப்பு ஒருமுறை அடித்தால் எவ்வளவு போகிறீர்கள் என்று ஒருநாள் நீச்சல் குளத்தில் அளந்துகொள்ளுங்கள். நீரோட்டத்துக்குத் திசையும் பலமும்: 'வடக்கிலிருந்து தெற்கு, எதிர்த்து நீந்த முடிந்தது' அல்லது 'எதிர்க்க முடியவில்லை' என்பதே போதும். மேற்பரப்பில் ஒரு திசை, அடியில் வேறு திசை என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

8. கண்டவை

இங்கே பட்டியல் போடுவது எளிது: சுறா, ஆமை, திருக்கை. ஆறு மாதம் கழித்துப் படித்தால் அது ஒன்றும் சொல்லாது. எத்தனை, எந்த ஆழத்தில், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள்.

அலிவாலுக்கு ரேகி (ராகட்-டூத்) சுறாக்கள் குளிர்காலத்தில் வந்து நவம்பர் வரை இருக்கும். இந்தத் தெற்குப் பகுதியில் இணைசேரும். கருவுற்ற பெண் சுறாக்கள் வடக்கே வெதுவெதுப்பான நீருக்குப் போகும், சோட்வானாவின் குவார்ட்டர் மைல் பாறைத்திட்டில் கோடையில் அவற்றைக் காணலாம். பிறகு குட்டி ஈன ஈஸ்டர்ன் கேப் பக்கம் இறங்கும். ஆகவே செப்டம்பரில் அலிவாலில் கண்ட ஒரு சுறாவின் உடலில் புதிய கடிக்காயம் இருந்தது என்று நீங்கள் எழுதினால் அது வெறும் அலங்காரக் குறிப்பு ஆகாது, இணைசேரும்போது ஆண் சுறா கடித்துப் பிடிப்பதுண்டு. ஒவ்வொரு ரேகியின் உடற்புள்ளிகளும் வேறு வேறு. படம் எடுத்தால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று குறியுங்கள், தாடையில் தூண்டில் கொக்கி மாட்டியிருந்தால் எந்தப் பக்கம் என்றும் குறியுங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை கூனல் திமிங்கிலங்கள் இந்தக் கரையைக் கடக்கும். கண்ணில் படாவிட்டாலும் நீருக்கடியில் பாட்டு கேட்கும். கேட்டதையும் எழுதுங்கள்.

படம் வரைய வராது என்று விட்டுவிடாதீர்கள். 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர், மீன்பிடிப் படகொன்று கொண்டுவந்த விசித்திரமான மீனைப் பார்த்து, குறிப்புகளோடு ஒரு கோட்டுப்படம் வரைந்து ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். உலகம் எப்போதோ அழிந்துவிட்டது என்று எண்ணியிருந்த சீலகாந்த் அது என்று ஸ்மித் ஊகித்தது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். அதே இன மீனை 2000இல் முக்குளிப்பாளர்கள் நேரில் கண்டது நம் சோட்வானாவின் ஜெஸ்ஸர் பள்ளத்தாக்கில், 104 மீட்டர் ஆழத்தில். நாம் அந்த ஆழத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் பெயர் தெரியாத மீனைக் கண்டால் துடுப்பு எத்தனை, வால் எப்படி, கோடு குறுக்கா நெடுக்கா என்று ஒரு கிறுக்கல் போட நாமும் பழகலாம்.

9. மலையேறும் முன்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஆழத்தில் மூச்சிழுக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாக, பல மணி நேரம் எடுத்து வெளியேறும். அதற்குள் சுற்றுப்புற அழுத்தம் இன்னும் குறைந்தால் குமிழிகள் உண்டாகலாம். இதற்காகத்தான் டைவ் முடித்து உடனே விமானம் ஏறாதே என்கிறார்கள். நம் நாட்டில் விமானம் வேண்டியதில்லை, கார் போதும். ஜோஹானஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் போனால் வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டரைத் தாண்டுகிறீர்கள். சோட்வானாவிலிருந்து எர்மெலோ வழியாகப் போனாலும் அதே உயரம்தான். விமானத்துக்கான பரிந்துரைகள், உள்ளே அழுத்தம் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும் பயணங்களுக்குச் சொன்னவை. உங்கள் கார் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது.

பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை இது: டிகம்ப்ரஷன் (மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம்) தேவைப்படாத ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ், அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18ஐ விடக் கணிசமாக அதிகம். இவை விமானத்துக்குச் சொன்னவை. மலைச்சாலைக்கும் நான் இதையே பிடிக்கிறேன், நீங்களும் பிடியுங்கள். கணினி காட்டும் விமானத் தடை நேரம் இதைவிட நீளமாக இருந்தால் அதைக் கேளுங்கள்.

பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு பயணத்தின் கடைசி டைவுக்கும் 'மேலே வந்த நேரம்', 'மலையேறலாம்' என்று இரண்டு வரி. மூன்று நாள் சோட்வானா, சனிக்கிழமை காலை 11.30க்கு கடைசியாக மேலே வந்தீர்கள் என்றால், 18 மணி நேரம் கூட்டினால் ஞாயிறு காலை 5.30. அதற்கு முன் மலையேறக்கூடாது. ஞாயிறு காலை இன்னொரு டைவ் போட்டுவிட்டு மதியமே ஜோஹானஸ்பர்க் கிளம்பலாமா என்று மச்சான் கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். வாய்ச்சொல்லை விடக் காகிதத்தில் இருக்கும் நேரத்துக்கு மதிப்பு அதிகம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் வீடு உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். ஊர் ஏறக்குறைய 600 மீட்டரில், சரியாக எல்லையில் இருக்கிறது. பல டைவ் போட்ட நாளில் டர்பனிலேயே தங்கிவிடுவது நல்லது.

10. உடம்பு

டைவுக்கு முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடல் குமட்டல் இருந்ததா, மாத்திரை போட்டீர்களா, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள். புரட்டாசி விரதமும் ரேகி சீசனும் ஒரே நேரத்தில் வரும். விரதம் இருந்து இறங்கினால் அதையும் எழுதுங்கள், சாப்பாட்டை விட்டாலும் தண்ணீரை விடாதீர்கள். தைப்பூசத்தில் அலகு குத்தியவர்கள் காயம் முழுக்க ஆறும் வரை கடலில் இறங்க வேண்டாம்.

மேலே வந்தபின் மூட்டுவலி, தோலில் தடிப்பு, மரத்துப்போதல், காரணமில்லாத களைப்பு, தலைசுற்றல் எதுவானாலும், தொடங்கிய நேரத்தோடு எழுதுங்கள். பிறகு எழுதிக்கொண்டே காத்திருக்காதீர்கள்: ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, அவசர எண்ணை அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எப்போது மேலே வந்தீர்கள், அறிகுறி எப்போது தொடங்கியது என்பதே. ஆக்சிஜன் தொடங்கிய நேரத்தையும் உடன் இருப்பவர் அதே பக்கத்தில் எழுதி, புத்தகத்தையும் கணினியையும் நோயாளியோடு அனுப்ப வேண்டும். உங்கள் டைவ் துணைக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

11. எண்ணிக்கை, கையெழுத்து

எதை ஒரு டைவ் என்று எண்ணுவது? நீச்சல் குளத்தை எண்ணாதீர்கள். பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் பயிற்சி டைவுக்கு 20 நிமிடமோ 1,400 லிட்டர் காற்றோ ஓர் அளவுகோல், பெரும்பகுதி 5 மீட்டரிலோ அதைவிட ஆழத்திலோ இருக்க வேண்டும். அதையே உங்கள் எண்ணிக்கைக்கும் வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் முடிந்துபோன டைவையும் எழுதுங்கள், எண் கொடுக்காமல். ஏன் முடிந்தது என்பது முக்கியமான செய்தி.

மேற்படிப்புக்கு எண்ணிக்கை தேவைப்படும். பாடியில் டைவ் மாஸ்டர் பயிற்சி தொடங்க 40 டைவ், முடிக்க 60, பயிற்சியாளர் தேர்வுக்கு 100. கையெழுத்தும் படகு நிறுவனத்தின் முத்திரையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மாதங்கள் கழித்துக் கேட்டால் அவர்களுக்கும் நினைவிருக்காது.

12. ஒரு மாதிரிப் பக்கம்

டைவ் எண் 31. செப்டம்பர் 14. அலிவால் ஷோல், ரேகீஸ் கேவ். உம்கோமாஸிலிருந்து படகு.
இறங்கியது 8.12, மேலே 8.54, மொத்தம் 42 நிமிடம். அதிக ஆழம் 17.8 மீ, சராசரி 13 மீ. 5 மீட்டரில் 3 நிமிடம்.
12 லிட்டர் எஃகு, காற்று, 210லிருந்து 75. நிமிடத்துக்கு 17 லிட்டர்.
5 மி.மீ. சூட், 7 கிலோ. 75 பாரிலேயே லேசாக மிதந்தேன், கயிற்றைப் பிடித்தேன். அடுத்த முறை 8.
அடியில் 20 டிகிரி, தெளிவு 12 மீ. நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு, எதிர்த்து நீந்த முடிந்தது. இரண்டு நாளாக வடகிழக்குக் காற்று, மழை இல்லை.
ரேகி ஒன்பது, குகை வாயிலில், மெதுவாக வட்டமிட்டன. ஒன்றின் இடத்தாடையில் கொக்கி. இன்னொன்றின் செவுளுக்குப் பின்னால் புதுக் காயம். குகைக்குள் போகவில்லை, வாயிலில் மணலில் படுத்துப் பார்த்தோம். திமிங்கிலப் பாட்டு டைவ் முழுக்க.
முகமூடி இருமுறை மங்கியது. இரவு ஆறு மணி நேரம் தூக்கம். மேலே வந்தபின் உடம்பு நலம்.

எழுத ஏழெட்டு நிமிடம் பிடிக்கும்.

13. எழுதாமல் விட்ட பழைய டைவுகள்

கணினியின் நினைவகத்தில் இருப்பதை முதலில் இறக்குங்கள். கைப்பேசிப் படங்களின் தேதி, படகுக் கட்டண ரசீது, நண்பர்களோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உதவும். கூட வந்தவரின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் உறுதியாகத் தெரியாத ஆழத்தையும் நேரத்தையும் ஊகித்து நிரப்ப வேண்டாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தின் மேல் 'பின்னால் எழுதியது' என்று குறியுங்கள். பழைய கையெழுத்துக்காக யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

14. காப்பும் வாசிப்பும்

மாதம் ஒருமுறை நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து, செயலிக் கோப்போடு சேர்த்து வேறோர் இடத்தில் வையுங்கள். மின்வெட்டிலும் திருட்டிலும் வீட்டுக் கணினியை இழந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு.

இரண்டு வேளை புத்தகத்தைத் திறந்து படியுங்கள். ஒன்று, ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய மாலை, அதே இடத்துக்கு முன்பு போன பக்கங்களை. இரண்டு, மே மாத இறுதியில், சாளை மீன் ஓட்டமும் ரேகி சீசனும் தொடங்கும் முன், போன வருடத்து ஜூன், ஜூலைப் பக்கங்களை. அப்போது கட்டிய ஈயம், போட்ட சூட், இழுத்த காற்று, எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டைவ் பையின் உள்மடிப்பில் வைத்துவிடுங்கள். படகடியில் டைவ் மாஸ்டர் கேட்கும்போது அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.